காதுக்கு ஜரிகை

7-11-1982, ஞாயிறு

விடாத மழை. பாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தொய்கிறது. மூன்றாவது தடவை இழை அறுந்ததும் தறியைவிட்டு எழுந்து, ஹெட்போனைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகன் சுகுமார் மஸ்கட்டிலிருந்து டேப் ரிகார்டரோடு இரண்டு ஹெட்போன் அனுப்பியிருந்தான். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றே. ஒன்று எனக்கு. இன்னொன்று என் தங்கை அம்முலுவின் வீட்டுக்காரர் லோகநாதனுக்கு. பெற்ற அப்பனுக்கும் அத்தை புருஷனுக்கும் ஒரே மரியாதை! சரி, அது அவன் குணம்.

பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் அந்தக் கம்பி! எலிவால்கூட அதைவிடத் தடிப்பு. உள்ளே முடி மாதிரி நாலு செம்பு இழை. இதன் வழியாக ஒரு தவில் எப்படி முழுசாக வந்து சேரும்?

மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிதான் முதல். செம்பு அதற்கு அடுத்துத்தான். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. நாலாம் வகுப்போடு நிறுத்தித் தறிக்குழியில் இறக்கிவிட்டார்கள். பழைய புத்தகம் வாங்கி, எழுத்துக் கூட்டி, நானே தெரிந்துகொண்டது.

வெள்ளிக் கம்பிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், எதிரே தறி. ஜரிகை! பட்டு நூலின்மேல் வெள்ளியைத் தட்டிச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம். வெள்ளியோடு தங்கமும் சேர்ந்தது. ஹெட்போன் செய்த ஜப்பான்காரனுக்கு இந்தப் புத்தி வராது. அவன் ஊரில் ஏது முந்தானை?

10-11-1982

ஜரிகையைப் பல இழை சேர்த்து முறுக்கி மூன்று சரம் செய்தேன். ஒன்றோடொன்று தொடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் பட்டு நூலை நெருக்கிச் சுற்றி, மெழுகு தடவினேன். மூன்றையும் சடையாகப் பின்னி, விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன்.

ஈயம் வைக்கும்போது உள்ளே இருந்த பட்டு கருகி, முடி பொசுங்கின நாற்றம். என் பெண்டாட்டி இந்திராணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாய்யா, யாரு தலையில தீ வெச்சே?"

"ஆராய்ச்சி நடக்குது. போ."

"குழலி கூறப்புடவைக்கு வெச்ச ஜரிகைதானே அது?"

"மிச்சம்தான்டி. தொளைச்சு எடுக்காதே."

குழலி, அதாவது ஏலவார்குழலி, அம்முலுவின் பெண். அவளுக்குத் தையில் கல்யாணம். தாய்மாமன் நான். முகூர்த்தப் புடவையை என் கையால் நெய்துகொண்டிருக்கிறேன்.

12-11-1982

கேட்டேன்.

எப்படி எழுதுவது? நாதஸ்வரக் கேசட். இத்தனை நாளும் பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்த ஆள் மூச்சு வாங்குவதைக் கேட்டேன். சீவாளியில் எச்சில் படுவது கேட்டது. தவில்காரர் தோலைத் தொட்டுவிட்டு ஒரு கணம் அடிக்காமல் சும்மா இருக்கிறாரே, அந்தச் சும்மா இருப்பதுகூடக் கேட்டது!

இந்திராணிக்கு மாட்டிவிட்டேன். "நல்லாத்தான் கீது. நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவளுக்கு எப்போதுமே பாராட்ட வராது.

21-11-1982, ஞாயிறு

திருப்புலிவனத்தில் குழலிக்கு நிச்சயதார்த்தம். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் ஆறும்.

தாம்பூலம் மாற்றியாயிற்று. பையன் பெயர் வரதன். டிப்ளமா படித்துவிட்டுச் செங்கல்பட்டில் வேலை. அடக்கமாகத்தான் இருக்கிறான். ஆண்கள் பந்திக்கு உட்கார்ந்தோம். பக்கத்து இலை லோகநாதன். நான் நல்ல மனசோடுதான் சொன்னேன்: "மாப்ளே, உன் ஹெட்போனைக் குடுத்து அனுப்பு. அதுக்கும் ஜரிகைக் கம்பி மாத்தித் தர்றேன். அப்புறம் பாரு, சத்தம் வேற மாதிரி இருக்கும்."

அவன் மின்சார போர்டில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். கம்பி என்றால் தன் பாட்டன் சொத்து என்று நினைப்பு. சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறான்:

"இன்னா மச்சான், கரண்டு இன்னா கல்யாணப் பொண்ணா? ஜரிகை போட்டாத்தான் வருவேன்னு அடம் புடிக்குமா? கம்பி கம்பிதான்!"

பந்தியே சிரித்தது. பையனின் அப்பாவுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. பரிமாற வந்தவன் பருப்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சிரிக்கிறான்.

நான் எழுந்துவிட்டேன். பருப்பு ஊற்றிய இலை. பொண்ணோட தாய்மாமன் நான்! எனக்குப் படிப்பில்லை, அதனால்தானே? ஒரு சர்ட்டிபிகேட் வைத்திருந்தால் சிரிப்பானா? "கம்பியில வித்தியாசம் கீதுன்னு என் வாசல்ல வந்து ஊர் கேக்கச் சொல்லு. அப்பதான் உன் வூட்டுப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அம்முலு ரோடு வரைக்கும் ஓடி வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

22-11-1982

தறியில் உட்காரவில்லை. கூறைப்புடவை பாதியில் நிற்கிறது.

23-11-1982

இன்றும்.

28-11-1982, ஞாயிறு

அம்முலு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ண்ணா, சொல்லு. எம் பொண்ணு நெத்தியில மாமன் பட்டம் யாரு கட்டுவாங்க? எலக்ட்ரிக் கம்பமா?"

"உன் புருஷன் ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடி நட்டது எத்தினியோ கீது. அதுல ஒண்ணைக் கூப்ட்டுக்கோ."

"சம்பந்தி வூட்ல கேக்கறாங்க, மாமன்காரரு ஏன் எலையில உக்காந்து எந்திரிச்சாருன்னு. நான் இன்னான்னு சொல்றது? ஜரிகைக்கும் செம்புக்கும் சண்டைன்னா?"

"அதான் சொல்லு. உண்மை அதுதானே?"

அழுதாள். இந்திராணியும் அவளோடு சேர்ந்து அழுதுவிட்டு, நடுவில் என்னைப் பார்த்து முறைத்தாள். அவள் எப்போதுமே என் தங்கை கட்சி.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு இந்திராணியே ஒரு வழி சொன்னாள். "கண்ணக் கட்டிக்கினு கேளு. ஜரிகை எது, செம்பு எதுன்னு சரியாச் சொல்லிட்டா லோகநாதன் அண்ணன் வாசலுக்கு வந்து ஒத்துக்கட்டும். தப்பாச் சொன்னா, பந்தியில எழுந்ததுக்கு நீ அவங்க எல்லார் எதிர்லயும் மன்னிப்புக் கேளு. கல்யாணத்துக்கும் போயிடு. இன்னா?"

மன்னிப்பாம். கேட்க வேண்டியவன் அவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். தோற்கப்போகிறவனுக்குத்தானே பயம்?

5-12-1982, ஞாயிறு

ஜெயித்தேன்!

லோகநாதன் காலையில் சைக்கிளில் வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். தன்னுடைய ஹெட்போனை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் பழைய செம்புக் கம்பி அப்படியே இருக்கிறது. என்னுடையதில் ஜரிகை.

"ஒரு முழக் கம்பியில இன்னா தொலைஞ்சிடப் போவுது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "உத்திரமேரூர்லேர்ந்து காஞ்சிபுரத்துக்கு இழுத்தா கணக்குப் பாக்கலாம்."

"சொவருக்குக் காது இல்ல. எனக்குக் கீது" என்றேன்.

துண்டால் என் கண்ணைக் கட்டினார்கள். லோகநாதன் விரலைக் காட்ட, இந்திராணி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டுவாள். அதே நாதஸ்வரம். நான் சொல்ல வேண்டும்.

முதலில் மாட்டியதுமே தெரிந்துவிட்டது. "ஜரிகை." சரி. அடுத்தது, "செம்பு." சரி. மறுபடி செம்பையே மாட்டி ஏமாற்றப் பார்த்தார்கள். "செம்பேதான்!" ஒன்றுகூடத் தப்பவில்லை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சத்தம் வருவதற்கு முன்னாலேயே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. ஜரிகை என்றால் மயிர்க்கூச்செறிகிறது. ஞானம் என்பது இதுதான்.

துண்டை அவிழ்த்தபோது லோகநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. என்னவோ ஒரு பார்வை. இந்திராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சந்தோஷம் போலிருக்கிறது.

"சரி மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

இன்றைக்கு இரண்டு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

12-12-1982, ஞாயிறு

வந்துவிட்டார்!

மார்கழி பிறப்பதற்கு முன் தாய்மாமனுக்கு முதல் அழைப்பு வைக்க வேண்டும் என்று, அம்முலுவோடு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், வேட்டி வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் உள்ளே வரச் சொல்லவில்லை. பேச்சு என்றால் பேச்சு. வாசல் என்றால் வாசல்.

எதிர்வீட்டு மங்கம்மா வாளியோடு நின்றுவிட்டாள். பாவு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தெருவுக்கே விஷயம் தெரியும். இந்திராணி வாய்.

லோகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்கச் சொன்னார்: "கம்பியில வித்தியாசம் கீது. எங்க மச்சான் சொன்னது சரி. என் சர்வீஸ்ல நான் பாக்காதத அவரு தறியில உக்காந்துக்கினே கண்டுபுடிச்சிட்டாரு. மச்சான், எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் வந்து முன்ன நிக்கணும்."

இவ்வளவு அழகாகச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தேங்காய் கனம்.

மங்கம்மா கேட்டாள்: "அப்போ எங்க வூட்டு ரேடியோவுக்கும் ஜரிகை போட்டுத் தருவியா, முதலியாரே?"

"வரிசையில வா" என்றேன்.

13-12-1982

விடிந்ததும் தறியில் இறங்கினேன். குறுக்கு இழை ஓட்டும் நாடா கையிலேயே நிற்கவில்லை, பறந்தது. அரக்குச் சிவப்பில் மயில்கண் கரை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நெய்தால் நாதஸ்வரத்துக்கு ஏற்ற மாதிரி கால் மிதிக்கிறது. இந்திராணி, "கல்யாணம் இப்பவே நடக்குது போல" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள்.

26-12-1982, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தறியில் இருந்தேன். இந்திராணி என் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். கழற்றினேன்.

"இன்னா சிரிப்பு?"

"அங்கப் பாரு, மறுபடியும் சொறியறே."

"எதை?"

"கழுத்தை. அந்தக் கஞ்சி போட்ட கயிறு மாட்டினா கை தானா அங்கப் போவுது உனக்கு. அன்னிக்கும் அப்படித்தான். கயிறு கழுத்துல பட்டா ஜரிகைன்னே, படலைன்னா செம்புன்னே. எனக்கு சிரிப்ப அடக்க முடியல."

என் கை அப்போதும் கழுத்தில்தான் இருந்தது.

அபாண்டம் என்றேன். ஆராய்ச்சியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? அதை இப்போதே நிரூபிக்கிறேன் என்று, லோகநாதன் இங்கேயே விட்டுப்போன அவருடைய ஹெட்போனை எடுத்தேன். பெரிய துண்டைத் தாடை வரைக்கும் கழுத்தில் சுற்றி, கண்ணையும் கட்டிக்கொண்டேன். இந்திராணி மாட்டினாள்.

ஜரிகை என்றேன். செம்பாம்.

செம்பு என்றேன். ஜரிகையாம்.

அப்புறம் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

எனக்கு ஜலதோஷம். காது அடைத்திருக்கிறது.

2-1-1983

ஜலதோஷம் போய்விட்டது. மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டு கேட்டேன்.

ஒன்றுதான். இரண்டும் ஒன்றுதான்.

மூச்சு வாங்குவது செம்பிலும் கேட்கிறது. சீவாளி எச்சிலும் கேட்கிறது. எப்போதும் இருந்திருக்கிறது. கம்பி மாற்றிய அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

வெள்ளி முதல், செம்பு அடுத்தது. அது மாறாது, புத்தகத்தில் இருக்கிறது. அந்த வித்தியாசம் ஒரு முழத்தில் என் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

ஆனால் பந்தயம்? நான் ஜெயிக்கவில்லையே. அந்த மனுஷன் தட்டோடு வந்து தெருவில் நின்றாரே. பேச்சு என்றால் பேச்சு என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

"சொல்லிடப் போறேன்" என்றேன் இந்திராணியிடம்.

"கல்யாணம் முடியட்டும்யா. உன் உண்மைய நெல்லு மாதிரி குதிர்ல போட்டு வை. கெட்டுடாது."

9-1-1983

புடவை முடிந்தது. தறியிலிருந்து அறுத்து எடுத்து வெயிலில் விரித்தோம். இந்திராணி முந்தானையைத் தடவிப் பார்த்தாள். பாராட்ட வராதவள் அல்லவா? கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

27-1-1983

உத்திரமேரூர் சத்திரத்தில் குழலி கல்யாணம் நடந்தது.

அரக்குச் சிவப்பு அவள் நிறத்துக்கு அப்படிப் பொருந்தியது. நெற்றிப் பட்டத்தை எடுத்துக்கொண்டு நான் மணையருகில் போனபோது, "மாமா, இறுக்கிக் கட்டாதே, தலை வலிக்கும்" என்று கிசுகிசுத்தாள். சின்ன வயதில் ரிப்பன் கட்டிவிட்டபோதும் இதையேதான் சொல்லுவாள். கட்டினேன். மேளம் கொட்டியது. கெட்டிமேளத்தைக் கம்பியே இல்லாமல் கேட்பதுதான் உத்தமம்.

பந்தி. பக்கத்து இலை லோகநாதன். எதிரே சம்பந்தி வீட்டார் எல்லாரும். பருப்பு ஊற்றினார்கள். நான் இலையில் கை வைக்கவில்லை. லோகநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், மறுபடியும் இன்னா?"

"மாப்ளே, அன்னிக்கு எலையில உக்காந்து நான் எழுந்தது தப்பு. மன்னிச்சிக்கோ." எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நான் காதால கண்டுபுடிக்கல. கயிறு கழுத்தை அரிச்சுது. அதுல தெரிஞ்சுது."

லோகநாதன் அப்பளத்தை நொறுக்கினார். "தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கே பாத்தேனே. ஜரிகை மாட்டினா சொறியறே, செம்பு மாட்டினா சும்மா கீறே. குருடனுக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குடா தட்டோட வந்து அத்தினி பேர் எதிர்ல பொய் சொன்னே?"

"எம் பொண்ணுக்கு மாமன் வேணும். கம்பிய வெச்சு நான் இன்னா பண்றது? அதுவும் இல்லாம..." குரலைத் தணித்தார். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு மச்சான். சாப்புடு, பருப்பு ஆறுது."

எனக்கு வந்த கோபம்! நான் ஜெயிக்காததை எனக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறான். இத்தனை நாள் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேனே, எல்லாம் இவன் போட்ட பிச்சையா? மறுபடி எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது நிஜம்.

சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை. பையனின் அப்பாவுக்கு மறுபடியும் புரை ஏறியது. இந்தத் தடவை அவர் தலையில் தட்டியது நான்தான்.

20-2-1983, ஞாயிறு

திருப்புலிவனம். அம்முலு வீட்டு மொட்டைமாடியில் இருந்து எழுதுகிறேன். மூன்று நாளாக இங்கேதான். இந்திராணியும். மறுவீட்டுக்குக் குழலியும் வரதனும் வந்திருக்கிறார்கள்.

கரண்ட் இல்லை. டேப் ரிகார்டரில் பேட்டரி செல் தீர்ந்து, பாட்டு இழுத்து இழுத்துப் பாடியது. செல்களைக் கழற்றி மாடிச் சுவரில் வெயிலில் காயவைத்தேன். காய்ந்தால் உயிர் வரும். ஊரறிந்த விஷயம்.

வரதன் மேலே வந்து பார்த்தான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான்: "மாமா, வெயில்ல வெச்சா பேட்டரி சார்ஜ் ஆவாதுங்க. உள்ள கெமிக்கல் தீந்துட்டா தீந்ததுதான். நாங்க படிச்சிருக்கோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் லோகநாதன் முந்திக்கொண்டார்.

"இன்னா மாப்ளே, டிப்ளமாவுல வெயிலப் பத்தியும் சொல்லிக் குடுத்தாங்களா? எங்க மச்சான் எத்தினி வருஷமா காயவெச்சுக்கினு கீறாரு தெரியுமா? அவரு சொன்னா அது சரியாத்தான் இருக்கும். நீ கீழப் போய் நாஷ்டா துன்னு."

பையன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். இவருக்கு உண்மையிலேயே நம்பிக்கையா, இல்லை இதுவும் தாம்பாளத் தட்டுதானா? கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நிஜமாகத்தான் நம்புகிறார் போலிருக்கிறது. செல்லை ஒவ்வொன்றாக உருட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார்.

"மச்சான், இந்தப் பக்கம் நிழல் வந்துட்சு. அந்தச் சொவத்துக்கு மாத்தணும். எழுதினது போதும், வா!"

போகிறேன்.